பேப்பர் கர்னல்

உலகத்திலேயே அதிக முறை ராணுவத்தை விட்டு விலகியவர் எங்கள் ஆலங்காயத்துக் கர்னல்தான். இன்றுவரை பணியில் இருக்கிறார் என்பது வேறு விஷயம்.

வருஷா வருஷம் லீவில் வருவார். மறுநாளே என் டைப்பிங் கடைக்கு வந்து, பட்டா மனுவோடு நிற்கும் மலைக்காரர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பார். முன்னால் கூப்பிட்டால் முறைப்பார். அவர் முறை வந்ததும், “பேப்பர் போடுறேன்பா, போதும்” என்பார். விருப்ப ஓய்வுக் கடிதம் என் கம்ப்யூட்டரில் தயாராகவே இருக்கும்; காரணத்தை மட்டும் மாற்றுவேன். ஒரு வருஷம் முட்டிவலி. ஒரு வருஷம் ஜூனியருக்குக் கிடைத்த பிரமோஷன். இன்னொரு வருஷம், சத்தியமாக, மெஸ் சப்பாத்தி. லீவு முடிந்ததும் பனிமலையிலிருந்து குட்மார்னிங் மெசேஜ் வரும். ஏன் சார் பேப்பர் போடலை என்று கேட்டால் பென்ஷன், மரியாதை, தேசம் என்று லெக்சர் அனுப்புவார். நான் ஒன்றையும் நம்பியதில்லை. ஊரே அவரை ‘பேப்பர் கர்னல்’ என்றது.

போன வருஷம் அவர் மனைவியும் கூடவே வந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு பாதி ஆயுசைத் தனியாகவே கழித்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்றைக்குத் தன் கண்ணெதிரில் கையெழுத்தாக வேண்டும் என்றார். காரணம் என்ன போடட்டும் என்று கேட்டேன்.

“பொண்டாட்டின்னு போடுங்க தம்பி.”

போட்டேன். கர்னல் பேனாவைத் திறந்தார். போன் அடித்தது.

அவருடைய யூனிட்டில் ஒரு சிப்பாயின் மனைவிக்குப் பிரசவ நேரம். ஆள் பற்றாக்குறை என்று அவனுக்கு லீவு மறுத்திருக்கிறார்கள். அவனை இப்போதே வண்டி ஏற்றுங்கள், ஆள் இல்லையென்றால் நான் கிளம்பி வருகிறேன் என்று அதட்டிவிட்டு வைத்தார். வைத்த பிறகுதான் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது ஞாபகம் வந்தது. எல்லையில் நின்ற மனிதர் வெலவெலத்துப் போனார்.

“நான் வூட்டுக்கு வந்துட்டா அவனுங்களுக்கு யாரு லீவு குடுப்பாங்க?” என்றார் மெதுவாக.

அவர் மனைவி, அந்த அக்கா, என் பக்கம் திரும்பினார். 

“எம் புள்ள பொறந்தப்ப இவருக்கு லீவு தரல தம்பி. வந்து பாக்கும்போது நடக்குறான். இவரப் பாத்து பயந்து வூட்டுக்குள்ள ஓடிட்டான். அந்தப் பொண்ணு வூட்ல அப்டி ஆவ வேணாம்.”

கடிதத்தை அக்காவே மடித்தார். இவருக்கு நாளைக்கு டெல்லி வண்டியில் தட்கல் கிடைக்குமா பாருங்கள் என்றார். 

எத்தனையோ பேருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போட்டது அன்றைக்கு மட்டும்தான்.