பிசீச் போட்ட விண்ணப்பம்

ஆங்கிலத்தில் ஒருவரிடம் பணிவாக ஒன்றைக் கேட்பதற்கு என்னென்ன வார்த்தைகள் உண்டோ, அத்தனையும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எங்கள் அலுவலகத்தில் யாருக்கு லீவு வேண்டுமானாலும், ஆடாத நாற்காலி வேண்டுமானாலும், விண்ணப்பம் எழுத என் மேஜைக்குத்தான் வருவார்கள். நான் ஆளைப் பார்ப்பேன், கேட்கும் பொருளைப் பார்ப்பேன், அதற்கேற்ற வார்த்தையை எடுத்துக் கொடுப்பேன்.

ரிக்வெஸ்ட் என்பது உட்கார்ந்தபடியே கேட்பது. அப்பீல் என்றால் எழுந்து நின்றாக வேண்டும். ப்ளீட் என்று போட்டுவிட்டால் கையைப் பிசைய வேண்டும். இம்ப்ளோர் என்று எழுதும்போது கண்ணில் ஒரு சொட்டாவது எட்டிப் பார்க்க வேண்டும். பிசீச் இருக்கிறதே, அது நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுவது. ஆடாத நாற்காலிக்கெல்லாம் அதைச் செலவழிக்கக் கூடாது. ஒருமுறை யாருக்கோ, மன்றாடுகிறேன் என்பதற்கு என்ட்ரீட் என்று எழுதி வாய்விட்டுப் படித்தேன். பக்கத்து மேஜைக்காரர் ட்ரீட் எப்போது என்று சாயங்காலம் வரைக்கும் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார்.

இப்பேர்ப்பட்ட எனக்கு வீட்டில் இரண்டாவது காபி கேட்க வாய் வராது. என் மனைவி கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிப்பவள். வருகிறவர்களின் கண்ணைப் பார்த்தே பவர் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். என் கண்ணைப் பார்த்தால் நான் சொல்லப்போகும் பொய்யைச் சொல்லிவிடுவாள். வீட்டில் பவர் யாரிடம் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் எனக்கு ஒரு கடலோர ஊருக்கு மாற்றல் வந்தது, அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும் என்று. செய்தியைக் கேட்டதும் அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் இல்லாமல் இந்த வீட்டில் எப்படி இருப்பது என்றாள். குரல் லேசாகத் தழுதழுத்தது. கல்யாணமான நாளாக அவள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. பத்து நிமிஷம் எனக்கு நிஜமாகவே மனசு இளகிப்போயிருந்தது. பதினோராவது நிமிஷம்தான் உறைத்தது. அவள் இங்கே, நான் அங்கே.

ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடலாம். படுத்துக்கொண்டே பிஸ்கட் தின்னலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை பல் தேய்க்காமல் இருக்கலாம். இதையெல்லாம் நினைத்ததும் நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டது. இந்த மாற்றலை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆனால் அவளோ, மேனேஜர் மேடத்துக்கு விண்ணப்பம் எழுதி மாற்றலை ரத்து செய்யச் சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறவர் உங்களுக்கென்று எழுதினால் நடக்காமலா போகும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் ஒழுங்காக எழுதினால் நிச்சயம் நடந்துவிடும். அதுதான் எனக்குப் பயம்.

அதற்கு வழி என் கையிலேயே இருந்தது. எங்கள் மேடத்துக்கு வளைந்து குழைந்து கேட்டால் ஆகாது. நிமிர்ந்து நின்று ஒரு ரிக்வெஸ்ட் போட்டால் கையெழுத்து விழும். கெஞ்சினால் பேனாவை மூடி வைத்துவிடுவார். ஆகவே என் சரக்கையெல்லாம் ஒரே பக்கத்தில் கொட்டினேன். எழுதி முடித்தபோது அந்தத் தாளே குப்புற விழுந்து அழுவதுபோல் இருந்தது. அதை மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"இம்ப்ளோர்னா எந்த ஃப்ளோர்? உங்க மேடம் இருக்கறது செகண்ட் ஃப்ளோர்ல இல்ல?"

"ஃப்ளோர் இல்லம்மா. அழுது கேக்கறது."

"சரி. அப்புறம் தும்மினீங்களே, அது?"

"தும்மல. பிசீச். கால்ல விழுந்து கேக்கறது."

"ஒரு தடவ விழுந்தா போதுமா? இன்னும் கொஞ்சம் உருக்கமா எழுதுங்களேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமுவதுபோல் சமாளித்தேன். நான் தோண்டிய குழியில் அவளே மண்வெட்டியோடு இறங்குகிறாளே என்று நினைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு இடத்தில் காலில் விழுந்தேன். மண்டியிட்டு வேண்டுகிறேன் என்று முடித்தேன். அவள் திருப்தியாகத் தலையாட்டினாள்.

மறுநாள் மேடம் அதைப் படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். இத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷர் இப்படித் தரையில் புரள்வதைப் பார்க்கத் தமக்குச் சகிக்கவில்லை என்றார். கடல் காற்று பட்டால் முதுகெலும்பு கொஞ்சம் நிமிரும், உத்தரவுப்படி திங்கட்கிழமையே போய்ச் சேருங்கள் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் யாரும் இல்லாததைப் பார்த்து, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு சலூன் கண்ணாடி முன்னால் நின்று சோக முகத்தைச் சரிபார்த்துக்கொண்டேன். கச்சிதமாக இருந்தது. அதே முகத்தோடு உள்ளே நுழைந்து, எவ்வளவோ மன்றாடினேன், மேடம் மசியவில்லை என்றேன்.

"அப்படியா," என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை. அப்போதுதான் பார்த்தேன், ஹாலில் வீட்டிலிருந்த பெட்டிகள் எல்லாம் வாயைப் பிளந்து கிடந்தன. ஒன்றில் அவளுடைய புடவைகள். இன்னொன்றில் சட்டி பானைகள். மூன்றாவதில், கடைசி வரியில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்குமே, அந்தப் பார்வை பரிசோதிக்கும் அட்டை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

எனக்கு எதற்கு அந்த அட்டை என்று கேட்டேன். அது எனக்கில்லையாம். அவளுடைய ஆஸ்பத்திரிக்கு அந்தக் கடலோர ஊரில் ஒரு கிளை இருக்கிறதாம். திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு அங்கேதான் வேலையாம். சொல்லிக்கொண்டே என் சட்டைகளை ஒரு மூலையில் திணித்தாள்.

போக வேண்டாம் என்று நீதானே சொன்னாய் என்றேன்.

"எத்தன வருஷமா அந்த ஊருக்குப் போகலாம்னு கேக்கறேன்? ஒரு தடவ முழங்கால் வலிம்பீங்க, இன்னொரு தடவ உப்புக்காத்து ஒத்துக்காதும்பீங்க. வேண்டாம்னு சொன்னேன், ஓடிப் போய் வாங்கிட்டு வந்துட்டீங்க." பெட்டியை மூடி, அதன்மேல் உட்கார்ந்து அழுத்தினாள். "இந்தப் பக்கம் வந்து கொஞ்சம் அமுக்குங்க."

அமுக்கினேன். எல்லாம் போனாலும் தொழில் கர்வம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? என்னைக் கேட்காமல், என்னிடம் ஒரு வார்த்தை கடன் வாங்காமல், இவள் எப்படி மாற்றல் வாங்கினாள்? உன் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்கு எந்த வார்த்தை போட்டு எழுதினாய், ரிக்வெஸ்டா, அப்பீலா என்று கேட்டேன்.

"எழுதவே இல்லையே," என்றாள். "போன் பண்ணி, திங்கக்கிழம அங்க இருப்பேன், என் அறையைக் கூட்டி வைக்கச் சொல்லுங்கன்னேன்."