வழி இருந்தால் உடனே வரவும்

தமிழ் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் எழுத்தில் பிழையைப் பார்த்துவிட்டு அவனால் சும்மா இருக்க முடியாது. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. எம்.ஏ. முடித்த புதிதில், பாளையங்கோட்டை போகும் பஸ்ஸில் 'சில்லறையாக தரவும்' என்று எழுதியிருந்ததைக் காட்டி, நடுவில் வரவேண்டிய 'த்' எங்கே என்று கண்டக்டரிடம் கேட்டிருக்கிறேன். (அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். "அங்கன எங்கயாவது கெடக்கும், தேடிப் பாருலே" என்று விசில் கொடுத்தார்.)

அப்படிப்பட்ட என்னை நம்பி வேலை கொடுத்தது ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் போனில் பேசிப் பதிவு செய்வதை, காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் நோயாளிக்குக் கொடுக்கிற சீட்டில், சாப்பாடு பற்றியும் காயத்தைக் கவனிப்பது பற்றியும் உள்ள பகுதி மட்டும் தமிழ். அதுதான் என் ராஜ்யம்.

டாக்டர் பம்பாயில் பிறந்து வளர்ந்து, இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர். தங்கமான மனிதர். ஆனால் அவர் வாயில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே சத்தம். "வாலைப்பலம் சாப்பிடலாம், புலி மட்டும் சேத்துக்கக் கூடாது" என்பார். ராதாபுரம் தாலுகாவில் யாரும் புலி சாப்பிடுவதாக எனக்குத் தகவல் இல்லாததால் 'புளி' என்று அடிப்பேன். ஒவ்வொரு 'ல' வரும்போதும் பதிவை நிறுத்தி, இது எந்த எழுத்து என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். மூன்றே மாதத்தில் எனக்கு ஹைகோர்ட் ஜட்ஜ் நடை வந்துவிட்டது.

அந்தத் திமிரில்தான் சுடலைமுத்து அண்ணாச்சியின் சீட்டை அடித்தேன். ராதாபுரத்திலிருந்து இன்னும் உள்ளே தள்ளி அவர் ஊர். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறார். பதிவின் கடைசியில் டாக்டர், "வலி இருந்தா உடனே வரணும்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் யோசிக்காமல் 'வலி' என்று அடித்திருப்பார்கள். நான் யோசித்தேன். (அங்கேதான் பிடித்தது சனி.) முகவரியைப் பார்த்தேன். அந்த ஊருக்கு ஒரே ஒரு மினி பஸ்தான் என்று அண்ணாச்சி வார்டில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆகா, டாக்டருக்குத்தான் எவ்வளவு இளகிய மனசு, பஸ் வசதியைக்கூட நினைத்துப் பேசுகிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். 'வழி இருந்தால் உடனே வரவும்' என்று அடித்து அண்ணாச்சி கையில் கொடுத்தேன்.

ஆறாம் நாள் காலையில், மேலப்பாளையம் சந்தைக்கு ஆடு ஏற்றிப் போன லோடு ஆட்டோ ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் அண்ணாச்சியை இறக்கிவிட்டுப் போனது. காயத்தில் சீழ். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. டாக்டர் பதறிப்போனார்.

"ஏன் முன்னாடியே வரல? வலி இருந்துதா, இல்லையா?"

"வலி இருந்துச்சி ஐயா. வழி இல்ல. அதான் வரல."

"இருந்துதா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க."

"வலி இருந்துச்சி. வழிதான் இல்ல."

டாக்டர் காதுக்கு இரண்டும் ஒன்றுதானே. ஸ்டெல்லா சிஸ்டரை ஓரமாகக் கூப்பிட்டு, "இருக்குங்கறார், இல்லேங்கறார். காய்ச்சல் தலைக்கு ஏறிடுச்சு போல. ஸ்கேன் எடுக்கணும்" என்றார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர்தான். அவர் அண்ணாச்சியின் சட்டைப் பையில் இருந்த சீட்டை எடுத்துப் படித்தார். பிறகு என் அறைக்கு வந்து அதை மேஜையில் வைத்தார்.

"ஏலே, என்னல அடிச்சி வச்சிருக்க?"

ஏசிக்கொண்டே திரும்பி நடந்தார். அவர் பின்னாலேயே வார்டுக்கு ஓடினேன். அண்ணாச்சி படுத்தபடியே எனக்குப் பரிந்து பேசினார்.

"அந்தத் தம்பிய ஏன் ஏசுதிய? நல்லாத்தான எழுதியிருக்கு. மினி பஸ்ஸு ரிப்பேரு, நாலு நாளா வரல. வழி இருந்தா வா, இல்லன்னா செரமப்படாதன்னு டாக்டரய்யா எம்புட்டுப் பெருந்தன்மையா எழுதியிருக்காவன்னு வீட்ல சொல்லிக்கிட்டே கெடந்தேன்."

அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். வலியில் துடித்துக்கொண்டே என் பிழையைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறார் மனிதர். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் கொன்றவன் நான்தான். ஸ்டோர் ரூமுக்குள் போய், பஞ்சுக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு டாக்டரிடம் போய், "நீங்க வலின்னு சொன்னத நான் வழின்னு அடிச்சிட்டேன் சார்" என்று ஒப்புக்கொண்டேன்.

டாக்டர் என்னையே பார்த்தார். "ஒரே வார்த்தையை எதுக்குய்யா ரெண்டு தடவை சொல்றே?"

ஸ்டெல்லா சிஸ்டர் பேப்பரில் எழுதிக் காட்டிய பிறகுதான் அவருக்கு விளங்கியது. அண்ணாச்சி அடுத்த வாரம் நல்லபடியாக வீடு திரும்பினார். என் வேலையும் தப்பியது. டாக்டர் மட்டும் அன்றிலிருந்து "நோவு இருந்தா வரணும்" என்றுதான் பேசுகிறார். நானும் சந்தேகம் வந்தால் கேட்காமல் எதையும் அடிப்பதில்லை.

அந்தக் கேட்கிற பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. கல்யாணமான மறு வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நிறைமாதமாக இருந்த என் மனைவி செல்வி அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, வலி வந்துட்டு" என்றாள்.

"எந்த லி?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அதற்கு எழுத்து இல்லை.

மகளுக்கு இப்போது ஆறு வயது. வீட்டுக்கு யார் வந்தாலும், உட்காரச் சொல்வதற்கு முன்னால் அவள் சொல்லிவிடுகிறாள்: "எங்கப்பா ஸ்பெல்லிங் கேட்டுட்டு நின்னாங்களா, நான் ஆட்டோலயே பொறந்துட்டேன்!"