தலையாரிக்கு வைத்த மாம்பழ ஐஸ்

"கோடைக்காலத்தில் தெருக்களில் பரவும் நாய்களை உடனடியாக ஒழிக்க வேண்டியது."

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீசுக்கு மேலிடத்திலிருந்து வந்த விதி இது. ஒரே வரி. உட்பிரிவு இல்லை, விலக்கு இல்லை, 'இயன்றவரை' என்கிற புண்ணியச் சொல்கூட இல்லை. உத்தியோகக் காலம் முழுவதும் விதிகளோடு குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவ்வளவு தெளிவான விதியை நான் கண்டதில்லை. அதை இவ்வளவு பணிவாக, இவ்வளவு முறையாக, ஒரு எழுத்துக்கூட மீறாமல், கடைசிவரை நிறைவேற்றாமலே விட்ட மனிதரும் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ஐஸ் இன்ஸ்பெக்டர்.

உத்தியோகப்படி அவர் சானிடரி இன்ஸ்பெக்டர். சாக்கடை, சந்தை, சோடாக்கடை, செத்த எலி எல்லாம் அவர் ஆளுகை. ஆறடி உயரம், காக்கி அரைக்கால் சட்டை, அதற்குக் கீழே, கொக்குக்குக் கொடுத்ததுபோக மிச்சமிருந்த இரண்டு கால்கள். ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர். மனிதர்களைப் பார்த்து அவர் சிரித்ததாகச் சாட்சி இல்லை. அவர் சைக்கிள் மணி கேட்டதும் சோடாக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுவார். கழுவிய கிளாஸை இவர் மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவச் சொல்வார்.

நாய்களிடம் மட்டும் அவர் வேறு ஆள். அதற்கு ஒரு சித்தாந்தமும் வைத்திருந்தார்.

"வெறி எதுனால வருது? சூட்டுனால. சூட்டைத் தணிச்சிட்டா வெறி எங்கிட்டு இருந்து வரும்? வாய் ஜில்லுன்னு இருக்கிற நாய் கடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. வாய் ஜில்லென்று இருக்கிற நாயையே யாரும் பார்த்ததில்லை. டாக்டர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவரும் டாக்டர்களைக் கேட்கவில்லை.

ஐஸ் அவர் சொந்தச் செலவு. திருச்சியிலிருந்து கீரனூர் வழியாக வரும் பஸ்ஸின் தலையில், உமி அடைத்த சாக்குக்குள் வரும். புறப்படும்போது பாறை, வந்து சேரும்போது அம்மிக்கல். பழம் சந்தையிலிருந்து. குழைந்த பழத்தைக் கண்டால் 'மனிதர் உண்ணத் தகாதது' என்று எழுதிக் கைப்பற்ற அவருக்கு அதிகாரம் உண்டு. கைப்பற்றியதைக் குழிதோண்டிப் புதைப்பது வழக்கம். நான் அதை நினைவூட்டினேன்.

"மனுசன் திங்கக்கூடாதுன்னுதானேய்யா எழுதியிருக்கேன்? நாயைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா?"

இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

மாம்பழமோ, வாழையோ, பப்பாளியோ, எதுவானாலும் கெட்ட பாகத்தை வெட்டியெறிந்து, தோலும் கொட்டையும் நீக்கிப் பிசைந்து, இளநீர் விட்டுக் கரைப்பார். சர்க்கரை கிடையாது. "நாய்க்கு இனிப்பு ஆகாதுய்யா." கரைத்ததைக் கொட்டாங்கச்சிகளில் ஊற்றுவார். மரத்தொட்டியில் உடைத்த ஐஸையும் கல்லுப்பையும் கலந்து பரப்பி, கொட்டாங்கச்சிகளைக் கழுத்தளவு புதைத்து, ஈரச்சாக்கால் மூடுவார். உப்பு ஒரு கல்கூட உள்ளே விழக்கூடாது. அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று தும்மியதற்காக ஒரு பியூன் மெமோ வாங்கினான்.

முதல் கொட்டாங்கச்சி தலையாரிக்கு. தலையாரி என்பது எங்கள் ஆபீஸ் வாசலில் கிடந்த செவலை நாய். கிராமத்துக் காவல்காரத் தலையாரியைப் போல, வருகிறவர்களை ஒரு தடவை குரைத்து விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விடும் என்பதால் அந்தப் பெயர். அது ஐஸை ஒரு நக்கு நக்கியது. நாலடி பின்னால் குதித்தது. திருடனைக் கண்டதுபோல் கொட்டாங்கச்சியைப் பார்த்துக் குரைத்தது. சுற்றி வந்து மறுபடி நக்கியது. பிறகு இரண்டு முன்னங்கால்களாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா, பல்லு கூசும்" என்றார். அவர் பல்லை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

அந்தக் கோடை முழுவதும் மத்தியானமானால் தெருவெல்லாம் கொட்டாங்கச்சி உருளும் சத்தம். சோடாக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"மனுசனுக்கே நீர்மோருக்கு வழியக் காணோம். நாய்க்கு மாம்பழ ஐசா? அடுத்த பொறப்புல நானும் ஒங்க வாசல்லயே வந்து பொறக்குறேனுங்க!"

"இப்பவே குலைக்கத்தானே செய்யறீங்க. கிளாஸைக் கழுவுங்க."

அடுத்த கோடைக்கு முன்னால்தான் அந்த விதி வந்தது. கூடவே ஒரு கூண்டு வண்டியும், நாய் பிடிக்கும் சுருக்குக் கம்பியும் வந்தன. இன்ஸ்பெக்டர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல ஒரு கொம்பு விட்டுப்போச்சேய்யா."

"எங்கங்க?"

"நாய்க்கு முன்னாடி."

"நாய்க்கு ஏதுங்க கொம்பு?"

"கொம்பு வச்சா நோய்! 'தெருக்களில் பரவும் நோய்களை ஒழிக்க வேண்டியது.' நாய் எங்கயாச்சும் பரவுமா? நோய்தான் பரவும். எழுதுன ஆளு கொம்பை முழுங்கிட்டான்."

"சுருக்குக் கம்பியும் கூண்டும் சேத்து அனுப்பியிருக்காங்களே?"

சுருக்குக் கம்பியை எடுத்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "நோயாளி முரண்டு பண்ணுனா?" என்றார்.

எழுதியவன் எதையும் முழுங்கவில்லை. நாய்தான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், வாசலில் படுத்திருந்த தலையாரியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. உத்தரவின் வாசகத்தில் ஐயம் எழுந்தால் விளக்கம் கோரலாம். விளக்கம் வரும்வரை, திரும்பப் பெற முடியாத காரியம் எதையும் செய்யலாகாது. இதை அவரிடம் சொன்னேன்.

"கொன்ன நாயைத் திரும்பப் பெற முடியுமாய்யா?"

"முடியாதுங்க."

"அப்ப எழுது."

'நாயா, நோயா என்பதைத் தெளிவுபடுத்தக் கோருகிறோம்' என்று எழுதி அனுப்பினோம். கம்பியில் இன்ஸ்பெக்டர் தம் காக்கிச் சட்டையைக் காயப்போட்டார். கூண்டு வண்டியில் ஐஸ் தொட்டி ஏறியது.

இப்படி இருக்கையில் புதிதாக ஒரு மேலதிகாரி வந்து சேர்ந்தார். அவர் ஊருக்குள் நுழைந்ததும் கண்ட முதல் காட்சி, முன்னால் எங்கள் கூண்டு வண்டி, பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு ஊர் நாய்கள் அத்தனையும்.

"என்னய்யா அநியாயம் இது! நாய் பிடிக்கிற வண்டியை நாய் துரத்துது!"

இன்ஸ்பெக்டர் கொம்பைப் பற்றி விளக்கினார். மேலதிகாரி முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "அடுத்த சந்தைக்கு வருவேன். அன்னைக்கு இந்த ஊர்ல ஒரு நாய் குரைச்சாலும் ஒமக்கு வேலை இல்லை. மொதல்ல இந்தச் செவலை." தலையாரி அவரையும் முறைப்படி விசாரித்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். மணி அடிக்கவில்லை. நானும் கூட நடந்தேன்.

"வேலை போனா போகுது. ஆவூர்ல நெலம் கெடக்கு. தலையாரியக் கூட்டிட்டுப் போயிருவேன். மத்ததுகள என்னய்யா செய்ய?" என்றார். என்னிடம் விதி இல்லை.

சந்தை நாள் வந்தது. கம்பியில் சட்டைதான் காய்ந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் காலையிலேயே தொட்டியை நிரப்பி மூடிவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். மத்தியானம் மேலதிகாரி வந்தார். பஸ் வழியில் நின்றுபோய், வெயிலில் நடந்து, முகமெல்லாம் செம்மண். நாற்காலியில் விழுந்தார். ஈரச்சாக்கைப் பார்த்தார்.

"அதுல என்னய்யா?"

"மாம்பழ ஐஸுங்க."

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது குமாஸ்தா தர்மம். அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. சாக்கைத் தூக்கினார், ஒரு கொட்டாங்கச்சியை எடுத்தார், சுரண்டித் தின்றார். கண்ணை மூடினார். இரண்டாவதை எடுத்தார். அப்போது தலையாரி எழுந்து வந்து அவர் முன்னால் உட்கார்ந்தது. குரைக்கவில்லை. அவர் கை மேலே போனால் மேலே பார்த்தது. கீழே வந்தால் கீழே பார்த்தது. அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தார்.

"அபாரமய்யா! யாருக்கு இதெல்லாம் செஞ்சு வச்சிருக்கீர்?"

"தலையாரிக்குங்க."

"தலையாரிக்கா! கீழே இருக்கிறவனை இப்படிக் கவனிக்கணும். நல்ல ஆளா?"

"தங்கமுங்க. வாசல விட்டு நகராது."

"நகராதா? கூப்பிடும், பார்ப்போம்."

"முன்னாடிதாங்க உக்காந்திருக்கு."

மேலதிகாரி பார்த்தார். தலையாரி வாலை ஒரு தடவை தரையில் தட்டியது.

"இது அந்தச் செவலை இல்லையா?" குரல் இறங்கியிருந்தது. "ஏன்யா, இது மனுஷன் திங்கிற பழம்தானே?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். "மனிதர் உண்ணத் தகாததுன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேனுங்க. ஆனா, கெட்டதெல்லாம் வெட்டிட்டேன்."

மேலதிகாரியின் நிலைமையை நான் அனுதாபத்தோடு பார்த்தேன். நாயை ஒழிக்காததை மட்டும் எழுதினால், விசாரணையில் இந்தப் பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஐஸையும் சொல்லிவிடுவார். நாய்க்கு ஐஸ் வைத்த குற்றத்தை எழுதலாம். எழுதினால், ஐஸ் இருந்தது எப்படித் தெரியும் என்று மேலே கேட்பார்கள். தின்று பார்த்தேன் என்று எழுத வேண்டும். தகாதது என்று சர்க்கார் முத்திரை விழுந்ததை, அதுவும் நாயின் பங்கை, அதுவும் இரண்டு.

நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: 'விளக்கம் கோரியது முறையே. பதில் வரும்வரை இப்போதைய நிலை நீடிக்கலாம்.' கையெழுத்துப் போட்டார். பாதி மிச்சமிருந்த கொட்டாங்கச்சியைக் குனிந்து தலையாரியின் முன்னால் வைத்தார். படியிறங்கும்போது திரும்பி, மெதுவாக, "பலாப்பழத்துல போட்டுப் பாத்தீரா?" என்றார்.

அன்று சாயங்காலம் கூண்டு வண்டி நாலு வீதியும் சுற்றியது. இன்ஸ்பெக்டர் முன்னால் மணியடித்துக்கொண்டே சைக்கிளில் போனார். பின்னால் நாய்கள். ஸ்வாமி புறப்பாட்டுக்குக்கூட அப்படி ஜனம் வாசலுக்கு வந்து நின்றதில்லை. சோடாக்கடைக்காரர், தாமே கழுவிய கிளாஸோடு நடுத்தெருவில் நின்றார்.

"எனக்கும் ஒண்ணு குடுங்கய்யா!"

"ஒமக்குச் சர்க்கரை கேக்கும். தள்ளுங்க."

பதிலுக்காக முறையாகக் காத்திருந்தோம். கோடைகள் வந்து போயின. யுத்தம் முடிந்தது. தலையாரியின் மூஞ்சி நரைத்தது. விசாரணையைப் படுத்தபடியே நடத்தத் தொடங்கியது. கடைசியில் சமஸ்தானமே முடிகிற நேரம் வந்தபோது, மேலிடத்தில் யாரோ ஒரு யோக்கியர், நிலுவையெல்லாம் தீர்த்துவிட்டுப் போவோம் என்று எங்கள் கேள்வியையும் தூசி தட்டியிருக்கிறார். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த அன்றைக்குக் கவர் வந்தது. 'நாய்கள் என்பதே சரி. கொம்பு தேவையில்லை. உடனே நிறைவேற்றவும்.'

"யாருய்யா எழுதியிருக்காக?"

"இன்னைக்கு இல்லாத ஆபீசுலேருந்துங்க."

இன்ஸ்பெக்டர் இரண்டாம் முறையாக, ஒரு மனிதனைப் பார்த்து முதல்முறையாக, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். "தேதியைக் குத்துய்யா. நல்லா அழுத்திக் குத்து" என்றார். குத்தினேன். சமஸ்தானம் போன நாளில் வந்த சமஸ்தான உத்தரவு யாரையும் கட்டாது; அதற்குச் சாட்சி அந்தத் தேதிதான். அவர் குனிந்து தலையாரியின் காதைத் தடவிக்கொண்டே, "சந்தைக்கு மாம்பழம் வந்திருச்சான்னு பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பினார்.

அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தபாலுக்குத் தேதி குத்தியிருக்கிறேன். ஒன்றும் நினைவில்லை. எங்கேயாவது கொட்டாங்கச்சி உருளும் சத்தம் கேட்டால் மட்டும், என்னைக் கேட்காமலே வாய் ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறது: 1948, மார்ச் மூன்று.