காலை வெயிலில் வைக்கவும்

சீட்டின் முதல் வரியே இடித்தது.

“‘காலை வெயிலில் வைக்கவும்.’ ஏம்மா, கழுத்து வலிக்கு எதுக்குக் காலை வெயில்ல வைக்கணும்?” என்றார் பஸ் டிரைவர்.

“உடம்பு முழுக்கச் சேத்துப் பாக்குற வைத்தியம்னு சொன்னாங்கல்ல? வலி கழுத்துல இருந்தா வேர் கால்ல இருக்கும். நீட்டுங்க” என்றாள் மனைவி.

டிரைவருக்கு ஏழு வருடமாகக் கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் அவர் ஓட்டும் பஸ் மாதிரியே, முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் போய் மொத்தமாகத்தான் திரும்புவார். இப்போது டிப்போவில் உடல் தகுதித் தேர்வு. ஒரு மாதத்தில் இடமும் வலமும் கழுத்தைத் திருப்பிக் காட்டாவிட்டால் டயர் கிடங்கில் உட்கார வைத்துவிடுவார்கள். தூக்கத்தில்கூடத் தலையணையை அமுக்கி ஹாரன் அடிக்கிற மனிதர் டயரை எண்ணிக்கொண்டு எப்படி உயிர் வாழ்வார்?

மாத்திரை, ஊசி, கழுத்துப் பட்டை எல்லாம் தோற்ற பிறகுதான், ஆங்கில வைத்தியரும் இயற்கை வைத்தியரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பார்க்கிற அந்த மருத்துவமனைக்குப் போனார்கள். வைத்தியர்கள் இருவரும் ஒரு மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார்கள். “சீட்டை வெளியே வாங்கிக்குங்க, ஒரு மாசம் அப்படியே செய்யுங்க” என்றார்கள். வரவேற்பறைப் பெண், ஒரு மாத லீவில் கிளம்புகிற அவசரத்தில், தோளில் பையோடு ஒரு சீட்டை இவர் கையிலும் இன்னொன்றைக் கூட்டுகிற அம்மா கையிலும் திணித்துவிட்டு ஓடினாள்.

மறுநாள் காலை மாடி ஜன்னல் வழியாக இரண்டு கால்கள் வெளியே நீண்டன.

“சார், மேல கால் தெரியுதே! ஆள் உள்ளதான இருக்கீங்க?” என்று கத்தினார் கீழ்வீட்டுக்காரர்.

“வைத்தியம்!” என்றார் டிரைவர். குனிந்து பார்க்கக் கழுத்து ஒத்துழைக்கவில்லை.

இரண்டாவது வரி: ‘ஒரே பக்கம் சாயாமலிருக்கத் தினமும் கால்வாசி திருப்பவும்.’ மனைவி அவரை நாற்காலியோடு கால்வாசி திருப்பினாள். டிவி வலப்பக்கம் போனது. மறுநாள் முதுகுக்குப் பின்னால்.

“மேட்ச் ஓடுதும்மா! டிவியையும் நகத்தேன்.”

“டிவியைப் பத்திச் சீட்டுல ஒண்ணுமில்ல.”

நாலு நாளைக்கு ஒருமுறைதான் டிவி நேரே வந்தது. மற்ற நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, தலையை நூல் நூலாக நகர்த்தி ஸ்கோர் பார்த்தார்.

மூன்றாவது வரியைப் படித்ததும் மனைவி சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ‘அடிக்கடி பேச்சு கொடுக்கவும்.’

“முப்பது வருஷத்துல என் பக்கம் பேசின ஒரே டாக்டர்ங்க இவங்கதான்!”

அன்றிலிருந்து சமையலறையிலிருந்து ஒரு பேச்சு, குளியலறையிலிருந்து ஒரு பேச்சு. பதில் சொல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியாக வேண்டும். ‘நுனி காய்ந்தால் வெட்டவும்’ என்ற நாலாவது வரியில் மீசை பாதி போனது. அதற்கு அவர் அழவில்லை, கண் கலங்கியது மட்டும்தான்.

கடைசி வரி: ‘பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். அடியில் ஓட்டை அவசியம்.’

“தொட்டிக் குளியல்! இயற்கை வைத்தியத்துக்கே இதுதான் உசுரு” என்றாள் மனைவி.

“ஓட்டை எதுக்குக்கா?” என்றான் அவள் தம்பி.

“கெட்ட நீர் வெளிய போக வேணாமாடா?”

மைத்துனன் பெரிய பிளாஸ்டிக் தொட்டி கொண்டுவந்து, அடியில் ஐந்து ஓட்டை போட்டு, ஹால் நடுவே வைத்தான். டிரைவர் உள்ளே உட்கார்ந்தார். சிக்கிக்கொண்டார். மைத்துனன் ஊற்ற ஊற்ற, தண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. எங்கே போகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

பத்தாவது நிமிடம் பின்னாலிருந்த கதவு படாரென்று திறந்தது.

“யோவ்! உம்ம வைத்தியம் எங்க வீட்டு ஃபேன்ல சுத்துதய்யா!”

டிரைவர் பதறித் திரும்பினார். ‘கடக்.’

“என்னய்யா முழிக்கிறீர்?” என்ற கீழ்வீட்டுக்காரர், சட்டென்று குரலை இறக்கினார். “சார்... உடம்பு அங்க இருக்கு, மூஞ்சி இங்க இருக்கு. நீங்க திரும்பிட்டீங்க சார்!”

மனைவி ஓடி வந்தாள். முந்தானையால் அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

தகுதித் தேர்வில், இடம், வலம், கேட்காமலேயே இன்னொரு முறை இடம் என்று திருப்பிக் காட்டினார். ஸ்டியரிங் பிழைத்தது. நேரே மருத்துவமனைக்குப் போனார்கள்.

“இதை எழுதின கையைக் கும்பிடணும்மா” என்று சீட்டை நீட்டினார். லீவு முடிந்து வந்திருந்த வரவேற்பறைப் பெண் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு ஜன்னலோரம் எண்ணெய் வடிய நின்ற செடியைப் பார்த்தாள். தலையில் கை வைத்தாள்.

செடியருகே தைலப் புட்டியோடு நின்ற கூட்டுகிற அம்மா எட்டிப் பார்த்தாள்.

“நீங்கதானா அது! ‘கழுத்துல ரெண்டு வேளை தைலம் தேய்க்கணும், தலைகாணி கூடாது’ன்னு சீட்டுல இருந்துச்சேன்னு, ஒரு மாசமா இந்தச் செடிக்குக் கழுத்து எதுன்னு தேடித் தேடித் தேய்ச்சிட்டிருக்கேன் சாமி!”