பம்பாய்க்கு வர வேண்டாம், அத்தான்

தோபி தலாவ், பம்பாய்
4 அக்டோபர் 1966

அன்பும் மரியாதையும் நிறைந்த பெலிசியோ அத்தானுக்கு, எவரிஸ்டோ எழுதிக்கொள்வது. நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். நலம் என்று சொன்னால் அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகிவிடும். அங்கே உங்கள் முழங்கால் வலி, சமையலறைக் கூரை ஒழுகல், பன்றி, பங்குச் சாமியார் ஆகிய எல்லாம் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

உங்கள் மூன்று கடிதங்களும் வந்து சேர்ந்தன. மழைக்காலத்தில் கப்பல் ஓடவில்லை, அதனால்தான் பதில் எழுதவில்லை என்று சொல்லப் பார்த்தேன். தபால் கப்பலில் மட்டும் போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். எர்மெலிந்தா அக்கா கண்மூடிய பிறகு ராத்திரியில் வீட்டில் பேச ஆளில்லை, வானொலிப் பெட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். பம்பாயில் கொஞ்சக் காசில் காலம் தள்ள முடியுமா, இருட்டிய பிறகு நாலு பேரோடு உட்கார இடம் உண்டா, அந்த நாலு பேர் நம்மவர்களாக இருப்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்று கேள்விக்கும் பதில் ஆம் என்பதுதான். ஆனாலும் வர வேண்டாம். காரணத்தைக் கீழே எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

முதலில் இருப்பிடம். நம் ஊர்க் கிளப் மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஒரே நீளக் கூடம், கோடியில் நம் ஊர்ப் புனிதரின் பீடம், சுவரோரமாக நாற்பது டிரங்குப் பெட்டிகள். பெட்டிக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்குத் தரை. அதுதான் ஒருவனுடைய சமஸ்தானம். நம் ஊரில் பிறந்தவன் என்று சாமியாரிடம் சீட்டு வாங்கி வந்தால் போதும், மாத வாடகை ஒரு கோழியின் விலைதான், ஆனால் அந்தக் கோழிக்கு அங்கே இதைவிட அதிக இடம் கிடைக்கும். நாற்பது பேரில் முக்கால்வாசி கப்பல்காரர்கள். ஒரு கப்பலிலிருந்து இறங்கி அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பவர்கள். அவர்கள் நடுவில் நான், முப்பது வருஷம் போர்த்துகீசிய இலக்கணம் சொல்லிக்கொடுத்தவன். அறுபத்தொன்றில் போர்த்துகீசியர்கள் மூட்டை கட்டியபோது பீரங்கிகளை இந்தியப் பட்டாளத்திடமும் வினைச்சொற்களை என்னிடமும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவற்றை வைத்துக்கொண்டு இங்கே ஒரு முந்திரி வியாபாரிக்காக மொசாம்பிக்குக்குக் கடிதம் எழுதி அரை நாள் பிழைப்பு நடத்துகிறேன். கிளப்பின் மேனேஜர் சாலு, அந்தக் காலத்தில் கப்பலில் பட்லராக இருந்தவன். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பித்தளை மணியை அடிப்பான், எல்லோரும் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்ல வேண்டும். வராதவன் பெயர் கரும்பலகையில் ஏறும். பெரிய குற்றம் என்றால் கமிட்டி கூடும்.

என் பக்கத்துப் பாய்க்காரன் பெயர் பொஸ்தியாவ். இருபத்தாறு வருஷம் கப்பல் அடுப்பில் கரி அள்ளிப் போட்டவன், கண் பாதி வெந்துவிட்டது, எந்தக் கம்பெனி டாக்டரும் அவனை இனி ஏற்றப்போவதில்லை. இது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரிந்திருக்கலாம். ஆனாலும் தினமும் காலையில், பாய்க்கு அடியில் வைத்து மடிப்பு எடுத்த கால்சட்டையை மாட்டிக்கொண்டு கப்பல் ஆபீசுக்குப் போய், "அடுத்த வாரம்னு சொல்லியிருக்கான்" என்று திரும்பி வருவான். நான் வந்த இரண்டாம் வாரம் ஒருநாள் ஜெபமாலை முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "வாத்தியாரே, எத்தனை நாளைக்கு இப்படிப் புஸ்தகத்தை மடியில வெச்சுட்டு உக்காந்திருப்பீங்க?" என்றான்.

"படித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

"எனக்குக் கண்ணு சரியில்ல. காது நல்லாருக்கு. அரை மணி நேரமா நீங்க ஒரு பக்கம்கூடத் திருப்பல. எந்திரிங்க. இந்த ஊர்ல படுக்கத் தரை கிடைச்சா மட்டும் ஆகாது, உக்கார ஒரு வீடு வேணும்."

அந்த வீடு கித்தேரியா ஆண்ட்டியுடையது. இரண்டு சந்து தள்ளி, பின்கட்டுச் சமையலறை. மதுவிலக்கு நடக்கிற ஊரில் விதவை ஒருத்தி வேறு எப்படிப் பிழைப்பாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், இந்தப் பக்கத்தைப் பங்குச் சாமியாரிடம் மட்டும் காட்ட வேண்டாம். இரண்டு பெஞ்சு, டீக் கோப்பையில் சாராயம், தட்டில் வேகவைத்த கடலை, சனிக்கிழமையில் ஈரல். வாசலில் செருப்பைக் கழற்றாதவனை அவள் உள்ளே விடமாட்டாள். "குடிச்சாக் குடி, குடிக்காட்டிப் போ. ஆனா பக்கத்துல இருக்கறவன் பேசினாக் காது குடுக்கணும், அதுக்குத்தான் பெஞ்சு" என்றாள் என்னிடம். மூலையில் ஒரு மராத்திக்காரர் தொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் அந்த வட்டாரத்துப் போலீஸ் ஹவல்தார் சாவந்த். முதல் வாரம் இந்த ஒழுக்கக்கேட்டைக் கண்டிக்கவே போனேன். இரண்டாம் வாரம், கண்டித்தது போதவில்லை என்று தோன்றியது. மூன்றாம் வாரத்திலிருந்து என் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் எனக்குக் கோபம் வரும்.

ஜூலையில் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். வந்த வேகத்தில் சோதனைக்குக் கிளம்பினார், வழிகாட்ட சாவந்தையே முன்னால் நடக்கவிட்டார். சாவந்த் வாசலில் நின்று, தன் மேலதிகாரிக்கு முதுகைக் காட்டியபடி, கண்ணை உருட்டி உருட்டி எங்களை ஓடச் சொன்னார். எல்லோரும் பின்பக்கக் குழாயடி வழியாக ஓடிவிட்டார்கள். நான் மட்டும் கழற்றி வைத்த தோல் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். லிஸ்பனிலிருந்து வரவழைத்த சப்பாத்து, அத்தான், என் கல்யாணமே அதை நம்பித்தான் பேசப்பட்டது, நின்றுபோனது வேறு விஷயம். ஒரு கையில் ஒற்றைச் சப்பாத்தும் மறு கையில் கோப்பையுமாகப் பிடிபட்டேன். அந்த நேரம் சந்துக்குள் ஓடிப்போயிருந்த பொஸ்தியாவ் திரும்பி வந்தான். சுவரைத் தடவித் தடவி வந்து, "ஐயா, அந்தக் கோப்பை என்னுது. இவரு படிச்ச மனுஷன், என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவரு" என்றான். அவனுக்குப் பத்து நாள் சிறை. நான் ஒற்றைச் சப்பாத்தோடு கிளப்புக்கு நடந்தேன்.

அவன் விடுதலையாகி வந்த அன்றே கமிட்டி கூடியது. சாலு விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும், "மெனேசஸ் சார், நீங்களும் அந்த வீட்டுக்குப் போறது உண்டா?" என்று கேட்டான்.

"அவனை அழைத்து வரத்தான் போனேன்" என்றேன்.

இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். பொஸ்தியாவ் எதிரேதான் நின்றான். என் குரல் வந்த திசைக்குத் தலையைத் திருப்பி, "ஆமா ஆமா, வாத்தியாரு நல்ல மனுஷன்" என்றான். அவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்தார்கள், பெட்டியைப் படிக்கட்டு முகப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆண்ட்டி தன் சமையலறையில் வந்து படுத்துக்கொள்ளச் சொன்னாள். கம்பெனிக் கடிதம் கிளப் விலாசத்துக்குத்தானே வரும் என்று அவன் போகவில்லை. ஆகஸ்ட் முழுவதும் அங்கேயே படுத்தான். உடைந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கும். நான் ஏறும்போதும் இறங்கும்போதும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். காலடிச் சத்தம் கேட்டுக் காலை மடக்கிக்கொள்வான். "பாத்து வாங்க வாத்தியாரே, மூணாவது படி பேந்திருக்கு" என்பான். பிறகு இருமுவான். என் கம்பளியைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று மூன்று ராத்திரி நினைத்தேன். நினைத்தபடியே அதைப் போர்த்திக்கொண்டு தூங்கிப்போனேன். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

செப்டம்பர் கடைசியில் தர்ம ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். கல்யாணம் ஆகாதவன், ஊரில் யாரும் இல்லை. கிளப் உறுப்பினன் செத்தால் சவப்பெட்டி, மெழுகுவர்த்தி, பாண்டு வாத்தியம், சிவ்ரி கல்லறையில் ஆறடி, எல்லாம் கிளப் பொறுப்பு. பெயர் அடிபட்டவனுக்கு ஒன்றும் கிடையாது. முனிசிபாலிட்டி வண்டி வந்து எடுத்துப்போகும். "பேரு இல்ல. நான் என்ன செய்யட்டும்?" என்றான் சாலு. நான் பீடத்துக்கு முன்னால் போய் நின்று, ஜூலையில் நான் சொன்னது பொய், கோப்பை என்னுடையது, அந்த வீட்டுக்குத் தினமும் போகிறேன் என்று சொன்னேன்.

"அப்ப உங்க பேரையும் அடிக்கணும்" என்றான் சாலு.

"அடி."

அடித்தான். பெட்டியை நானே இழுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டில் வைத்தேன்.

உடலை ஆஸ்பத்திரியிலிருந்து ஆண்ட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். இரண்டு பெஞ்சையும் சேர்த்துப் போட்டுக் கிடத்தினோம். ஆண்ட்டி அடுப்பை அணைத்துவிட்டு, அவன் கால்சட்டைக்கு மடிப்பு வைத்துப் போட்டுவிட்டாள். "ஆபீசுக்குப் போறவன், கசங்கிப் போகக் கூடாது" என்றாள். அங்கே குடிக்க வருகிற தச்சன் ஒருவன் இரவுக்குள் சவப்பெட்டி செய்வதாகச் சொன்னான். கல்யாணங்களுக்கு வாசிக்கிற மூன்று பேர் வந்தார்கள்; அவர்களுக்குக் கல்யாணப் பாட்டு மட்டும்தான் தெரியும், அதையே மெதுவாக வாசித்தார்கள், மெதுவாக வாசித்தால் அதுவும் அழ வைக்கத்தான் செய்கிறது. சாவந்த் சீருடை இல்லாமல் வந்தார். "அன்னைக்கு இவனைப் புடிச்ச கை இது. நாளைக்குப் பெட்டியையும் நானே புடிக்கறேன்" என்றார்.

எட்டு மணிக்குக் கிளப் மணி அடித்தது. சந்து வரைக்கும் கேட்டது. யாரும் அசையவில்லை, ஏனென்றால் கிளப்பில் இருந்த அத்தனை பேரும் ஏற்கெனவே ஒருவர் பின் ஒருவராக வந்து ஆண்ட்டியின் சமையலறையிலும் குழாயடியிலும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். சாலு விடாமல் கால் மணி நேரம் அடித்தான். பிறகு சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மணியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

"வாசல்ல நின்னா கொசு உள்ள வரும்" என்றாள் ஆண்ட்டி. "வா, வந்து ஆரம்பி. உன் தொண்டைதான் பெருசு."

அவன்தான் ஜெபமாலை சொன்னான். மறுநாள் காலை சிவ்ரியில் கிளப்புக்குரிய இடத்திலேயே புதைத்தோம். திரும்பி வந்து சாலு பதிவேட்டைத் திறந்து இரண்டு பெயரையும் மறுபடி மையால் எழுதினான். "விதி ஒண்ணும் மாறல. நான்தான் வரி மாத்தி அடிச்சுட்டேன்" என்றான். என் பெட்டியைக் கூடத்துக்குள் தூக்கி வைத்தார்கள்.

ஆகவே, அத்தான், யோசித்துப் பாருங்கள். இங்கே மலிவாகக் கிடைப்பது தரை ஒன்றுதான். உங்களுக்கு அங்கே வீடு இருக்கிறது, கிணறு இருக்கிறது, அக்கா நட்ட பலா இருக்கிறது. இந்த வயதில் மூட்டைப்பூச்சிக்கும், போலீசுக்கும், பக்கத்தில் ஒருவன் இருமும்போது கம்பளிக்குள் சுருண்டுகொள்கிற என்னைப் போன்றவனுக்கும் நடுவில் வந்து படுக்க வேண்டாம். ராத்திரியில் வானொலியோடு சண்டை போடுங்கள். அது யாரையும் காட்டிக்கொடுக்காது.

நம் ஊர்ப் புனிதர் உங்கள் முழங்காலையும் கூரையையும் காப்பாராக. அக்காவின் கல்லறையில் என் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றவும்.

என்றும் மரியாதையுடன்,
எவரிஸ்டோ மெனேசஸ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், இலக்கணம் சரியாக இருக்கிறதா என்று கேட்கிற சாக்கில் இதை ஆண்ட்டி வீட்டில் வாசித்துக் காட்டினேன். சாவந்த் மூக்கைச் சிந்திக்கொண்டார். ஆண்ட்டி மட்டும், "வராதேன்னு சொல்ல இத்தனை பக்கமா? நெசமா வேணாம்னு நெனைக்கறவன் ரெண்டு வரியில முடிச்சிருப்பான்" என்றாள். பொஸ்தியாவின் இடத்தை நம் ஊர்க்காரர் வேறு யாருக்கும் தராமல் அடுத்த ஞாயிறு வரை வைத்திருக்கச் சொல்லி சாலுவிடம் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமைக் கப்பலைப் பிடியுங்கள், சாமியாரிடம் சீட்டு வாங்க மறக்க வேண்டாம். நாற்பது பேர் படுக்கிற கூடத்தில் என் இடப்பக்கம் மட்டும் வெறும் தரையாகக் கிடக்கிறது, அத்தான். ஐந்து நாளாக அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க என்னால் முடியவில்லை.