பாணிக்காரர் வண்டி பார்க்கிறார்

பனிவண்டி, அதாவது பனிமேல் ஓடுகிற மோட்டார் வண்டி, ஓட்டுகிற எல்லோருக்கும் பாணி இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். தபால்காரர் ஓட்டுகிறார், கலைமான் மேய்ப்பவர்கள் ஓட்டுகிறார்கள், பாதிரியார்கூட அங்கியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டுகிறார். அவர்களுக்கெல்லாம் போகவேண்டிய இடம் இருக்கிறதே தவிர, பாணி கிடையாது. பாணி உள்ளவர் தனி இனம். பாணிக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

எங்கே அகப்படுவார்? வண்டியின்மேல் தேடாதீர்கள், அபூர்வம். கடையில் தேடுங்கள். புது வண்டிக்கும் காபி இயந்திரத்துக்கும் நடுவே, ஒரு கையில் விளம்பரப் புத்தகமும் மறுகையில் காகிதக் கோப்பையுமாக, கால்களை அகற்றி, முழங்காலை லேசாக மடக்கி, ஓடாத வண்டிமேல் நிற்பவரைப் போல் தரையில் நிற்பார். சாதாரண மனிதன் "இது நல்ல வண்டியா?" என்று கேட்பான். பாணிக்காரர் "இது என் பாணிக்குச் சரிப்படுமா?" என்று கேட்பார். வித்தியாசம் புரிகிறதா? முதல் கேள்விக்குக் கடைக்காரர் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு, அந்தப் பாணி என்னவென்று அவர் வாயாலேயே முக்கால் மணி நேரம் கேட்டாக வேண்டும்.

வடக்கு ஸ்வீடனில், மெரநெஸ் என்ற எங்கள் ஊரில், இந்த இனத்தின் முழு வளர்ச்சி அடைந்த உதாரணம் சிக்ஸ்டன். வயது ஐம்பத்தேழு. ஊர்த் தண்ணீர்க் குழாய்கள் உறையாமல் பார்த்துக்கொள்கிற வேலை. ('அவர்' என்று எழுதுவது என் கைப்பழக்கம். மெரநெஸில் யாரும் யாரையும் மரியாதைக்காக 'நீங்க' என்பதில்லை. எட்டு வயதுப் பையனும் பாதிரியாரை 'நீ' என்பான். இங்கே வந்து பதினெட்டு வருஷமாகியும் எனக்குத்தான் நாக்கு கூசுகிறது.)

சிக்ஸ்டனிடம் ஏற்கெனவே ஒரு வண்டி உண்டு. இரண்டு பேர் உட்காரும் பழைய கனத்த வண்டி. அதில் சனிக்கிழமைதோறும் ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார், விறகு இழுப்பார். பின்சீட்டில் ஒரு கலைமான் தோலை விரித்து, அதன்மேல் மடியில் பிளாஸ்க்கோடு இருபத்தாறு குளிர்காலங்களாக அவர் மனைவி குன்வோர் உட்கார்ந்துவருகிறாள். குன்வோரைப் பற்றிச் சிக்ஸ்டன் அதிகம் பேசுவதில்லை. பாணியைப் பற்றித்தான் பேசுவார்.

"வளைவுலதான் ஒருத்தனோட பாணி தெரியும்," என்பார். "நான் ஹேண்டில்பாரைப் புடிச்சு மல்லுக்கட்ட மாட்டேன். அசையாம உக்காந்திருப்பேன். வண்டி தானா சாயும்."

இது வெறும் பீற்றல் என்று நினைக்காதீர்கள். ஏரிக்கரை மேட்டில் வண்டி சரிவாகத் திரும்பும் இடம் ஒன்று இருக்கிறது. அதில் அவர் வண்டி போவதைப் பார்த்தவர்கள் நிஜமாகவே சொக்கிப்போயிருக்கிறார்கள். கடைக்காரர் ஹில்டிங், வாயைத் திறந்து யாரையும் பாராட்டி அறியாதவர், ஒருமுறை சொல்லிவிட்டார்: "அந்த வளைவுல நீங்க போறது அழகா இருக்கு, சிக்ஸ்டன்."

'நீங்க!' சிக்ஸ்டன் அதை நெஞ்சில் பதக்கம்போல் குத்திக்கொண்டார்.

இப்படிப்பட்ட பாணி, கனத்த வண்டியில் வீணாகலாமா? லேசான வண்டி வேண்டும். மூன்று குளிர்காலமாக அதே ஆராய்ச்சி. சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நகர்த்திவிட்டு விளம்பரப் புத்தகங்களை விரிப்பார். கம்பெனிக்காரர்கள் எண்ணெய் ஊற்றாமல், பெட்ரோல் ஊற்றாமல், காலையில் வெறும் வயிற்றில் எடை பார்க்கும் மாமாக்களைப் போல வண்டியை நிறுத்துப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்துக் கொதிப்பார். வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையின் நீளம், முன்பக்கச் சறுக்குக்கட்டையின் அகலம் எல்லாம் மனப்பாடம். சோபாவின் கைப்பிடிமேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலைத் தொங்கவிட்டு, சரிவில் ஓட்டிப் பழகுவார். சோபா உடைந்தது. பாணி உடையவில்லை.

ஹில்டிங் கடையில் ஒரு கேள்வித்தாள் உண்டு, 'லேசான வண்டி உனக்குப் பொருந்துமா?' என்று. சிக்ஸ்டன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சத்தம்போட்டுப் படித்து நிரப்பினார்.

"'ஆழமான பனியில் அடிக்கடி ஓட்டுவாயா?'"

"ஆழமான பனியில அடிக்கடி மாட்டுவோம்," என்றாள் குன்வோர், கடமான் இறைச்சியை வெட்டிக்கொண்டே.

"'ஒரு நாளில் எத்தனை முறை தாவுவாய்?'"

"வண்டியோடவா, வண்டியிலேர்ந்தா?"

"கிண்டல் பண்ணாத. இது முப்பத்தஞ்சு கிலோ கம்மி, தெரியுமா?"

"முப்பத்தஞ்சு கிலோதான் கொறையணும்னா வண்டி எதுக்கு? உன் இடுப்புலேயே இருக்கு, எறக்கு."

சிக்ஸ்டன் சிரித்தார். நல்ல மனிதர், கேலிக்குக் கோபிக்க மாட்டார். சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பி, முகமெல்லாம் பூரித்துப்போய்ச் சொன்னார்: "பாத்தியா, எப்படிக் கொறைச்சிருக்கான்! பின்சீட்டே கிடையாது. அதுல மட்டும் எட்டு கிலோ மிச்சம்!"

குன்வோரின் கத்தி இறைச்சியின் நடுவே நின்றது.

"நல்லாருக்குல்ல?" என்றார் சிக்ஸ்டன்.

"உஸ்," என்றாள் குன்வோர்.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் 'ஆமாம்' என்று வாயால் சொல்லமாட்டார்கள். பச்சை மிளகாயைக் கடித்ததுபோல் மூச்சைச் சர்ரென்று உள்ளே இழுப்பார்கள். அதுதான் ஆமாம். அதில் சந்தோஷ உஸ் உண்டு, சலிப்பு உஸ் உண்டு, 'போய்த் தொலை' உஸ் உண்டு. கேட்கிற காதைப் பொறுத்தது. சிக்ஸ்டனின் காது அப்போது எட்டு கிலோவில் இருந்தது. மனைவிக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஊரில் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது: சிக்ஸ்டன் ஒற்றைச் சீட்டு வண்டி வாங்கப்போகிறார், பழைய வண்டியை ஹில்டிங்கிடமே மாற்றாகக் கொடுத்துவிடப்போகிறார். அப்புறம் குன்வோர் ஏரிக்கு எதில் போவாள்? எல்லோரும் யோசித்தார்கள். யாரும் கேட்கவில்லை. மெரநெஸில் அடுத்தவர் வீட்டு விஷயம் பேசுவதில்லை, தெரிந்துகொள்வதோடு சரி. சிக்ஸ்டன் ஒருவர்தான் யோசிக்கவில்லை. அவர் யோசிக்கவேண்டிய விவரங்களின் பட்டியலில் அது இல்லை.

மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஹில்டிங் ஏரிமேல் புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் நாள் வைத்தார். நல்ல வெயில். உறைந்த ஏரியில் மரக்கிளைகளை நட்டுப் பாதை போட்டிருந்தார்கள். நேரே போய், கரைமேட்டில் அந்தப் பிரசித்தமான வளைவில் ஏறித் திரும்பி வரவேண்டும். ஒரு பக்கம் அடுப்பில் சாசேஜ் வெடித்துக்கொண்டிருந்தது. மறுபக்கம், எங்கள் ஊர் வழக்கப்படி, காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊறவிட்டபடி ஊரே வரிசையாக நின்றது.

சிக்ஸ்டனும் குன்வோரும் பழைய வண்டியில் வந்து இறங்கினார்கள். குன்வோர் வழக்கம்போல் கலைமான் தோலை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள். அன்று கொஞ்சம் இறுக்கமாக.

"கையெழுத்துப் போட பேனா கொண்டாந்துட்டேன்," என்றார் சிக்ஸ்டன்.

"மொதல்ல ஓட்டிப் பாரு," என்றார் ஹில்டிங்.

"எனக்கு என் பாணி தெரியும். மூணு வருஷமா ஓட்டிக்கிட்டுதானே இருக்கேன்."

"எங்க?"

"மனசுல."

"உஸ்," என்றார் ஹில்டிங், வண்டியின் சாவியை நீட்டியபடி.

சிக்ஸ்டன் ஏறினார். சோபாவில் பழகிய முழங்கால், புத்தகத்தில் பார்த்த முதுகு. நேர்ப்பாதையில் வண்டி பறந்தது, அதை மறுக்க முடியாது. பனித்தூள் வாலாக எழும்பியது. காபிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. வளைவு வந்தது. சிக்ஸ்டன் தன் பாணியை எடுத்தார். அதாவது, அசையாமல் உட்கார்ந்தார். வண்டி தானாகச் சாய்வதற்காகக் காத்திருந்தார்.

வண்டியும் காத்திருந்தது.

இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்தபடி வளைவை விட்டு நேரே போய், கரையோரப் புதருக்குள் புகுந்தன. வண்டி பக்குவமாகப் படுத்துக்கொண்டது. சிக்ஸ்டன் இடுப்புவரை பனியில் நட்டுக்கொண்டு நின்றார்.

யாரும் ஓடவில்லை. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டதைப் பார்த்ததும், உயிருக்கு ஒன்றுமில்லை என்று ஒரு கடி சாசேஜ் கடித்தார்கள். ஹில்டிங் நிதானமாக நடந்து போனார். குன்வோரும் போனாள்.

"வண்டி எப்படி?" என்றார் ஹில்டிங்.

"லேசா இருக்கு," என்றார் சிக்ஸ்டன், வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டு. "ஆனா கோளாறு இருக்குப்பா. சாய மாட்டேங்குது."

"நீ சாஞ்சியா?"

"நான் எதுக்குச் சாயணும்? நான் என்னிக்குமே சாஞ்சதில்ல. என் வண்டி தானா..."

பாதியில் நின்றார். ஹில்டிங் அவரைப் பார்க்கவில்லை. கரையில் சாசேஜோடு நின்றவர்களும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் குன்வோரைப் பார்த்தார்கள்.

"நீதானே சொன்ன," என்றார் சிக்ஸ்டன், சின்னக் குரலில். "'நீங்க வளைவுல போறது அழகு'ன்னு. 'நீங்க'ன்னு சொன்ன."

"சொன்னேன்," என்றார் ஹில்டிங். "ரெண்டு பேர் போனீங்க."

சிக்ஸ்டன் மனைவியின் பக்கம் திரும்பினார். இடுப்புவரை பனி இருந்ததால் மேலுடம்பை மட்டும் திருப்ப முடிந்தது. "நீ சாய்வியா?"

"இருபத்தாறு வருஷமா," என்றாள் குன்வோர். "மொத நாள் நான் சாயல. வண்டி நேரா போய் பாதிரியார் வீட்டு விறகுக் கொட்டாய்ல நின்னுச்சு. அப்புறம் நானே சாய ஆரம்பிச்சேன்."

"சொல்லக்கூடாதா?"

"நீ பாணியப் பத்திப் பேசிட்டிருந்த. நடுவுல எங்க பேசறது?"

அவரைத் தோண்டி எடுத்தார்கள். வண்டியை நிமிர்த்தினார்கள். அப்போதுதான் குன்வோர் ஒரு காரியம் செய்தாள். கலைமான் தோலையும் பிளாஸ்க்கையும் அவர் கையில் கொடுத்தாள், ஒற்றைச் சீட்டு வண்டியில் ஏறினாள், உட்காராமல் நின்றாள். போனாள்.

என்ன சொல்வது? அந்த மேட்டில் அவள் இடுப்பை ஒரு பக்கம் தள்ளிய விதத்தையும், ஊசியில் நூல் நுழைவதுபோல் வண்டி அந்த வளைவுக்குள் நுழைந்து வெளியே வந்ததையும் பார்த்து, அடுப்பில் சாசேஜ் கருகியதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் சுற்றும் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை.

"குன்வோர்," என்றார் ஹில்டிங், "இது உனக்குன்னே செஞ்ச வண்டி."

குன்வோர் இறங்கவில்லை. அந்த லேசான வண்டியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். கலைமான் தோலும் பிளாஸ்க்குமாகப் பனியில் நின்ற சிக்ஸ்டன், மூன்று வருஷ ஆராய்ச்சியில் அகப்படாத விவரத்தை அந்தக் கணத்தில் கண்டுபிடித்தார்.

"ஆனா... அதுல ஒரு சீட்டுதான் இருக்கு," என்றார்.

"உஸ்," என்றாள் குன்வோர்.

இந்த முறை அது எந்த உஸ் என்று கண்டுபிடிக்க அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். புரியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவர் கேட்டுப் பழகியிருந்தால்தானே?

"என்ன, எழுதிக்கட்டுமா?" என்றார் ஹில்டிங்.

குன்வோர் அவசரப்படாமல் இறங்கினாள். கையுறையைக் கழற்றி, ஹில்டிங் மேஜையிலிருந்த விளம்பரப் புத்தகத்தை எடுத்து, மடித்து, மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

"யோசிக்கணும்," என்றாள். "என் பாணி என்னன்னு இனிமேதான் பாக்கணும்."

பழைய வண்டியை அவள்தான் ஓட்டிக்கொண்டு போனாள். சிக்ஸ்டன் பின்சீட்டில், கலைமான் தோல்மேல், மடியில் பிளாஸ்க். வளைவு வந்தபோது எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் சாய்ந்து பார்த்தார். இப்போதெல்லாம் அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் புத்தகம் படிப்பவள் குன்வோர். உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நகர்த்துபவர் சிக்ஸ்டன். சனிக்கிழமை மாலை அவர் தனியாகப் பின்சீட்டில் உட்கார்ந்து, நின்ற வண்டியில், இடப்பக்கம் சாய்ந்து பழகுவதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். கோடைக்குள் அவள் முடிவெடுத்துவிடுவாள் என்று பேச்சு. அவர் அதற்குள் கற்றுக்கொண்டாக வேண்டும்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உங்கள் ஊரில் பனி விழாது, உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கிறீர்கள். எனக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் எதைச் செய்தாலும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். நீங்களும் பாருங்கள். உங்கள் வேலை, உங்கள் வீடு, நாலு பேர் மெச்சும் அந்த உங்கள் தனிப் பாணி, எல்லாம் வளைவுகளில் தானாகச் சாய்ந்துகொண்டுதானே போகிறது? உங்களையும் யாராவது 'நீங்க' என்று பாராட்டியிருக்கிறார்களா? தமிழில் அது மரியாதையா எண்ணிக்கையா என்று கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

பதில் சொல்ல வேண்டாம். மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்தால் போதும்.