கழிவுக் கங்காணியின் நாலு சைபர்

பலாங்கொடைக்கு மேலே இருக்கிற மலைகளில் எத்தனையோ கங்காணிமார் வந்து போனார்கள். கத்தினவர்கள் உண்டு, குடித்தவர்கள் உண்டு, குடித்துவிட்டு அழுதவர்களும் உண்டு. எல்லாரையும் நான் மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாத ஒருத்தர் எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே, என் காம்பராவிலிருந்து இரண்டு காம்பரா தள்ளி, இன்னும் திடமாக இருக்கிறார். கழிவுக் கங்காணி. உலகத்தில் எதைக் கொண்டு வந்து காட்டினாலும், அதில் எவ்வளவு கழிக்கலாம் என்று பார்க்கிற ஒரே பிறவி அவர்தான்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் முப்பது வருஷம் நின்றார். மழை பெய்தால் ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிப்பார். சரி, எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறதுதான். வெயில் அடித்தால் சாக்குக்குக் கழிப்பார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை என்றால் பனிக்குக் கழிப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "கங்காணி, என் வேர்வைக்கு எவ்வளவு கழிக்கிறீங்க?" அவர் யோசித்தார். கிண்டல் என்று விளங்காமல் நிஜமாகவே யோசித்தார்.

என் பேரன் பிறந்தபோது மிட்வைஃப் நிறுத்துப் பார்த்து மூன்று கிலோ என்றார். லயமே சந்தோஷப்பட்டது. கங்காணி தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "துணியோட நிறுத்தீங்களா, துணி இல்லாமலா?" என்று கேட்டார். பிள்ளைக்கு இப்போது பதினொரு வயது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதைக்கூட விடலாம். போன வருஷம் கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்தேன். இவர் வீட்டிலிருந்து தராசைக் கொண்டு வந்து, ஊர் முன்னால் நிறுத்து, "நாலே முக்கால்தான் இருக்கு. அம்மனுக்கே கொறைச்சுக் குடுக்கிறியா மாரியாயி?" என்றார். கடைக்காரர் குறைத்துக் கட்டினால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அன்றைக்கு நிறுத்தினேன் பேச்சை. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் எதிரே வந்தாலும் பீலியைப் பார்த்துத்தான் நிற்பேன்.

ஆனால் அந்தச் சண்டைக்கு முன்னாலேயே ஒரு வினையை நான் தலையில் கட்டிக்கொண்டிருந்தேன்.

கங்காணிக்கு சம்சாரம் தவறிப் போய் தனியாக இருந்த சமயம், நெஞ்சு வலி வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரே மகள் சாந்தி வத்தளையில் இருக்கிறாள். அப்பாவைத் தன்னோடு கூட்டிப் போக வந்தாள். இவர் அசையவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. சாந்தி ஒரு வாட்ச் கொண்டு வந்து அவர் கையில் கட்டினாள். அவர் எத்தனை ஸ்டெப் நடக்கிறார் என்று அது எண்ணும். அந்தக் கணக்கு அவர் போனுக்குப் போய், வத்தளையில் அவள் போனிலும் தெரியும். தினம் ஐயாயிரம் ஸ்டெப் நடந்தால் இங்கேயே இருக்கலாம். நடை நின்றால் அவள் வேன் கொண்டு வருவாள்.

அதற்குக் கணக்குத் திறக்க ஒரு போன் நம்பர் வேண்டுமாம். அவருக்கு சிம் வர இரண்டு நாள் இருந்தது. சாந்தியின் நம்பரில் ஏற்கெனவே அவள் கணக்கு இருந்தது. "அத்தை, ஒங்க நம்பரப் போட்டுக்கவா?" என்றாள். போட்டுக்கோ என்றேன். என் புத்தி மழுங்கிப்போன நாள்.

இனி இந்த மனிதர் நடந்த அழகைச் சொல்லுகிறேன். காலை ஐந்தரைக்குக் கிளம்புவார். பழைய ரப்பர் செருப்பு, ஊருக்கே கேட்கும். பெக்டரி வரை இறங்கி, கோயில் ஏறி, திரும்புவார். கொஞ்ச நாளில், பல் விளக்கினால் வாட்ச் அதையும் நடை என்று எண்ணி நாற்பது ஸ்டெப் கூட்டுகிறது என்று கண்டுபிடித்தார். வேறு யாராக இருந்தாலும் இன்னும் இரண்டு நிமிஷம் பல் விளக்கியிருப்பார்கள். இவர் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு விளக்கினார். தேங்காய் துருவும்போது கழற்றினார். கோயிலில் மணி அடிக்கும்போது கழற்றினார். ஒரு நாள் பஸ் குலுங்கியதில் பன்னிரண்டு ஸ்டெப் தானாக ஏறிவிட்டது என்று, இறங்கியதும் அதற்கு ஈடாகப் பன்னிரண்டு ஸ்டெப் அதிகம் நடந்தார். என்னைக் கழித்தார், என் பேரனைக் கழித்தார், அம்மனுக்கு வந்த அரிசியைக் கழித்தார், கடைசியில் தன் காலையே கழிக்க ஆரம்பித்தார்.

கழற்றி வைக்கிறவருக்கு ஒரு நாள் தொலையாமல் இருக்குமா? ஒரு செவ்வாய்க்கிழமை, நடக்கக் கிளம்பும் முன், பீலியடிக் கல்லில் வாட்சை வைத்துவிட்டுப் பல் விளக்கினார். திரும்பிப் பார்த்தால் கல் மட்டும் இருந்தது. குரங்கு தூக்கியதோ, தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்து போனதோ. கானில் இறங்கித் துழாவினார். குரங்குகளை ஒவ்வொன்றாகக் கைப் பக்கம் பார்த்தார். எங்களையும் அப்படித்தான் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் பெரிய வேலை செய்தார். வாட்சை எடுத்தவன் எவனோ, அவன் அதைக் கட்டிக்கொண்டு நடப்பான். அவன் நடக்கிற நடை தன் கணக்கில் வந்து விழும். ஒருத்தி பறித்த கொழுந்தை இன்னொருத்தி பேரில் போட விடாமல் முப்பது வருஷம் காவல் காத்தவர், இதை விடுவாரா? போனை எடுத்து, அங்கே இங்கே அமத்தி, அந்த ஆப்பையே அழித்துப்போட்டார்.

புதன்கிழமை சாந்தி பேசினாள். முன் திண்ணை இஸ்தோப்பில் நின்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் இவர் பேசுவார், ஆகையால் லயம் முழுக்கக் கேட்டது. வாட்ச் தொலைந்துவிட்டது என்று உள்ளதைச் சொன்னார். அவள் நம்பவில்லை. நடக்க முடியாமல் போய்விட்டது, அதை மறைக்கிறீங்க என்றாள். ஞாயிற்றுக்கிழமை வேனோடு வருகிறேன், உடுப்பைக் கட்டி வையுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை இவர் டவுனுக்கு, போன் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானாவிடம் ஓடினார். நானா நல்ல மனிதர், எங்கள் தோட்டத்துப் போன்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். அவர் சொன்னது இதுதான். பழைய நடை வாட்சிலும் இல்லை, போனிலும் இல்லை, கணக்கில் பத்திரமாக இருக்கிறது. புது வாட்சைக் கட்டி, அதே கணக்குக்குள் போனால் பதின்மூன்று மாத நடையும் திரும்ப வரும். புதுக் கணக்குத் திறந்தால் சைபரிலிருந்துதான். பழைய கணக்குக்குள் போக ஆறு இலக்க நம்பர் ஒன்று வரும். அது வருவது மாரியாயி போனுக்கு.

கங்காணி வெறும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

நானா எனக்குப் போன் எடுத்தார். என் போன் ஜன்னல் கம்பியில் தொங்கினால்தான் சிக்னல். "மாரியாயி அக்கா, நம்பர் ஒண்டு வந்து ஈக்கும், சொல்லுங்க" என்றார். வந்திருந்தது. கூடவே, இதை யாருக்கும் சொல்லக்கூடாது என்றும் மூன்று பாஷையில் போட்டிருந்தது. ரேடியோவில் தினம் அதைத்தானே படிக்கிறார்கள். நான் எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தேன். சொல்ல முடியாது என்றேன். சட்டம் கங்காணிக்கு மட்டுமா சொந்தம்?

பின்னேரம் கங்காணி என் வாசலுக்கு வந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு. மன்னிப்பு, குசலம் ஒன்றும் கிடையாது.

"நம்பர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன நம்பரு?"

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு எழுதியிருக்கு."

சண்டைக்கு வருவார் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன். வரவில்லை. தலையை ஆட்டினார். "எழுதியிருந்தா சொல்லக்கூடாதுதான்" என்று திரும்பினார். நாலு எட்டு வைத்தவர் நின்று, யாரிடமோ சொல்வது போல், "ஞாயித்துக்கெழம வந்தா கூட்டிட்டுப் போயிருவா. அங்க மேல் மாடியாம். எறங்க லிப்டு" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. திட்டக்கூட ஓர் ஆளாக நிற்கத் தெரியாத மனிதர். "சொல்லத்தான் மாட்டேன்" என்றேன். "போனோட நானே வந்து என் கையால போடுறேன். நாளைக்கு மொத பஸ்ஸுக்கு நில்லுங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை விடியவே பேய் மழை. பஸ் மேலே வரவில்லை. சனிக்கிழமைதான் போனோம். அவர் முன் சீட், நான் பின் சீட். கண்டக்டர் மஹத்தயா எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, ஒன்றாகத்தானே வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். "நே", இல்லை என்றோம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில். பஸ்ஸே சிரித்தது.

கடையில் நானா புது வாட்சை எடுத்து வைத்தார். என் போனுக்கு நம்பர் வந்தது. யாருக்கும் காட்டாமல், முந்தானையால் மறைத்துக்கொண்டு, கங்காணி போனில் ஒவ்வொரு இலக்கமாக அமத்தினேன். நாலாவது இலக்கத்தில் நேரம் முடிந்து போனது. இன்னொரு நம்பர் கேட்டோம். நானா வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டு, அவசரமில்லை, அவசரமில்லை என்று அவசரப்பட்டார். இரண்டாம் தரம் திறந்தது.

பதின்மூன்று மாத நடையும் வரிசையாக வந்து இறங்கியது. நானா தொலைந்த வாட்சைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். அதை இனி யார் கட்டிக்கொண்டு நடந்தாலும் உங்கள் கணக்கில் விழாது என்று கங்காணிக்கு விளக்கினார். கங்காணி அந்தக் காலத்தில் செக்ரோலில் பேர்க் கணக்குப் பார்ப்பது போல விரலை வைத்து ஒவ்வொரு நாளாகப் பார்த்தார். கடைசியில் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு சைபர்.

"நடந்தீங்கதானே?" என்றார் நானா. "அத கையால போட்டுடலாம். எவ்வளவு போடவேணும்?"

"வேணாம்."

"நடந்த நடைதானே, கங்காணி."

"நிறுக்காத கொழுந்தப் பேருல போடக்கூடாது."

அங்கே நான் வெடித்தேன். கடையில் சிங்களச் சனம், தமிழ்ச் சனம் எல்லாம் நின்றது. நின்றால் என்ன? "நாளைக்கு ஒங்க மக வர்றா. அந்த சைபரப் பாத்தா ஒங்கள அள்ளிக்கிட்டுப் போயிருவா. இப்பவும் ஒங்களுக்குத் தராசுதானா? முப்பது வருஷம் என் கூடையில கழிச்சீங்களே, அந்த ரெண்டு கிலோவுல ஒரு தடவையாச்சும் ஒங்க மனசு நெறஞ்சிச்சா?"

அவர் புது வாட்சின் வாரை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "ஒனக்கு ரெண்டுதான். என் சம்சாரத்துக்கு மூணு கழிச்சேன். யாரும் ஒரு சொல்லு சொல்லிறக்கூடாதுன்னு."

அது உண்மை. இவர் கழித்த நாளெல்லாம் அந்த அம்மாள் வீட்டில் அடுப்பு மூட்டாததும் உண்மை. பஸ்ஸில் மறுபடியும் பின் சீட்டில் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேன் வந்தது. சாந்தி உள்ளே போய் போனை வாங்கிப் பார்த்தாள். பதின்மூன்று மாதத்தையும் பார்த்தாள். பிறகு அழுகிற குரலில், "இந்த நாலு நாளும் சைபர்ப்பா. நெஞ்சு வலிச்சிருக்கு, எங்கிட்ட மறைக்கிறீங்க" என்றாள்.

"சைபர்னா சைபர்தான்" என்றார் இவர். நடந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாட்சி இல்லாத நடை அவருக்கு நடையே இல்லை. அவள் கொடியில் கிடந்த சாரங்களை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அவர் சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் இஸ்தோப்பிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செருப்புக்கூடப் போடாமல் உள்ளே போனேன். "மடிச்சத வையி சாந்தி. நாலு நாளும் நடந்தாரு. அஞ்சரைக்கு என் வாசலத் தாண்டித்தான் போகணும். அந்தச் செருப்புச் சத்தத்துல நான் தூங்கி வருஷம் ஒண்ணாச்சு. எனக்கு இவரு ஒறவும் இல்ல, சிநேகமும் இல்ல. நான் ஏன் பொய் சொல்லணும்?"

சாந்தி என்னைப் பார்த்தாள். என்னோடு அவருக்கு இருக்கிற பகை அவளுக்குத் தெரியும். சாரம் அவள் கையிலிருந்து இறங்கியது.

அப்போது கங்காணி தொண்டையைக் கனைத்தார். "மூணு நாளு. வெள்ளிக்கெழம மழ. நான் படுத்துட்டேன். ஒரு நாளக் கழிச்சுக்க."

சாந்தி அப்படியே கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். இப்படிக் கழிக்கிறவர் சொன்னால் அந்த மூன்று நாள் உண்மையாகத்தான் இருக்கும் என்றாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேனை வெறுமையாகவே கொண்டு போனாள். இனி வாட்ச் தொலைந்தால் அத்தையிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனாள். வேன் வளைவு திரும்பியதும் இவர் என் பக்கம் வந்து, "இனிமே ஊகத்துல சாட்சி சொல்லாத" என்று புத்தி சொன்னார். அந்த வாயில் போட என் கையில் அப்போது ஒன்றும் இல்லை.

ஊகமாம். வெள்ளிக்கிழமை அவர் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? ஐந்தரை தாண்டியும் செருப்புச் சத்தம் கேட்காமல், அந்த மழையில் உரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் கதவடியில் போய் நின்றவள் நான். உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன்.